விழுந்த மரத்துக்கு முன் நிற்கிற மரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர டெல்டாவில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு வானிலை அறிக்கை மேல்தான் கண். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை, கீரமங்கலம் பக்கத்துத் தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. காற்றுக்குத் தப்பிய மரங்களிலும் எத்தனையோ பிறகு வண்டுக்குப் போயின. அந்த இரண்டாவது இழப்பைத் தடுக்க முடியும். அடுத்த புயலுக்கு முன்பே இது எல்லோர் காதிலும் விழவேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

புயல் ஓய்ந்ததும் மின்கம்பி அறுந்து கிடக்கும். லைனை நிறுத்திவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தோப்புக்குள் கால் வைக்க வேண்டும். நிவாரணக் கணக்கெடுப்புக்காக மரங்களைக் கிடந்த கிடையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எல்லோரும் விழுந்ததை வெட்டத்தான் ஓடுகிறார்கள். முதல் வேலை அதுவல்ல, நிற்கிற மரத்தைக் காப்பதுதான்.

தென்னைக்கு உயிர்நிலை ஒன்றே ஒன்று, உச்சிக் குருத்து. அது இருந்தால் மட்டை முறிந்தாலும் மரம் பிழைக்கும். சாய்ந்து நிற்கிற மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அழுகல் நாற்றத்தோடு கையோடு வந்தால் அந்த மரம் முடிந்தது. பிடிப்பாக இருந்தால், பக்கத்து மட்டை உயரத்துக்குக் குருத்தில் ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். ஒரு மாதத்தில் கோடு மேலே ஏறியிருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. அந்தக் கோடு நகர்ந்திருப்பதைப் பார்க்கும்போது வருகிற தெம்பு வேறு எதிலும் வராது.

முறிந்து தொங்கும் பச்சை மட்டையைப் பிய்த்து இழுக்கக் கூடாது. தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். பச்சைக் காயத்தின் வாடைக்குத்தான், மரத்தை உள்ளே குடைந்து சாகடிக்கும் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். குருத்தழுகல் வராமலிருக்க லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து குருத்தைச் சுற்றி நனையுங்கள். சில நாள் கழித்து, ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் என்று கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்ளே உள்ள மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள்.

காய்ப்புக்கு வராத இளமரம் விழுந்திருந்தால், வேர் காய்வதற்குள், சில நாளிலேயே நிமிர்த்தி மண் அணைத்து மூன்று சவுக்குக் கழி முட்டுக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. பெரிய மரத்தைப் பொக்லைன் வைத்து நிமிர்த்துவது பெரும்பாலும் வீண் செலவு என்பதே எங்கள் கருத்து.

அறுக்கும்போது கவனம். தூரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுத்ததும், பாரம் போன தூர் சட்டென்று குழிக்குள் திரும்ப நிமிரும். குழியில் ஆள் நிற்கவே கூடாது. இரண்டு முனையும் எதன்மேலாவது தாங்கிக் கிடக்கும் மரத்தை மேலிருந்து அறுத்தால் ரம்பம் கவ்விக்கொள்ளும்.

இனி அறுத்த மரம். அடிப்பகுதி சட்டத்துக்கும் கைமரத்துக்கும் ஆகும். உச்சிப்பக்கம் சோற்றுப்பகுதி, யாரும் வாங்க மாட்டார்கள். அதுதான் தோப்பு ஓரத்தில் நிழலில் மாதக்கணக்கில் கிடக்கும். மழையில் ஊறி மட்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஆறு மாதம். கார்த்திகையில் போட்டுவிட்ட கட்டை ஆடி, ஆவணியில் வண்டாகப் பறந்து, புயலுக்குத் தப்பிய மரத்தின் குருத்தையே குடையும். அது குடைந்த ஓட்டைக்குக் கூன்வண்டு பின்னாலேயே வரும். பச்சைக் கட்டைக்குத் தீ வைத்தும் பயனில்லை. மேல் கருகுமே தவிர உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

கட்டையை நீளவாக்கில் நாலாகப் பிளந்து வெயிலில் போடுங்கள். காய்ந்த கட்டையில் புழு வளராது. தூரையும் தோண்டி எடுக்க வேண்டும். முடியாதபோது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து, கன மீட்டருக்கு 250 மில்லி மெட்டாரைசியம் என்ற, வண்டுப் புழுவைக் கொல்லும் பூஞ்சைக் கரைசலை 750 மில்லி தண்ணீரில் கலந்து ஊற்றினால் அந்தக் குவியலே புழுவுக்குப் பொறியாகிவிடும். காண்டாமிருக வண்டு முட்டையிடும் எருக்குழியையும் விடாதீர்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் ஆங்காங்கே வைத்தால் தாய் வண்டுகள் வந்து விழும்.

தப்பிய மரத்தில் குரும்பை கொட்டுவதைப் பார்த்து மனம் விடுகிறவர்கள் அதிகம். பாளை வெளியே வருவதற்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு முன்பே குருத்தடியில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்துக் காய் முற்ற இன்னும் ஓர் ஆண்டு. அதனால் புயலின் அடி இரண்டு மூன்று வருடக் காய்ப்பில் தெரியத்தான் செய்யும். முதல் வருடக் காயை எண்ணி மரத்தை வெட்ட முடிவெடுப்பது தவறு. ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷை இரண்டாகப் பிரித்து, 50 கிலோ தொழுவுரத்தோடு விடாமல் கொடுங்கள்.

மரம் விழுந்த இடத்தில் இருபது வருடமாகப் படாத வெயில் இப்போது தரையில் விழுகிறது. தை, மாசியிலேயே அங்கே கடலையோ எள்ளோ உளுந்தோ விதைக்கலாம். கைக்கு முதலில் வரும் காசு அதுதான். இடையில் 25 அடிக்கு ஒன்றாகக் கன்று வையுங்கள். புயலுக்குப் பிறகு சாலையோரம் வந்து நிற்கும் வண்டியில் கிடைத்ததை வாங்காதீர்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதக் கன்று, ஆறு இலைக்குக் குறையாமல், கழுத்துச் சுற்று 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கஜாவுக்கு அடுத்த ஆண்டு நட்ட நெட்டைக் கன்றுகள் பாளை விடும் வயதுக்கு வந்துவிட்டன.

அரசுக்கு ஒரு கோரிக்கை. 2018இல் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தார்கள். பணம் வந்தாலும், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ரம்பமும் பொக்லைனும் ஆளும் தேவைப்பட்டால் வாடகைதான் ஏறும். கட்டை தோப்பிலேயே கிடக்கும். ஆகவே மரத்தைத் துண்டாக்கித் தூளாக்கும் இயந்திரங்களையும் இயந்திர ரம்பங்களையும் ஐப்பசிக்கு முன்பே வட்டாரந்தோறும் நிறுத்தி வைக்க வேண்டும். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் வழியாக மெட்டாரைசியமும் தேர்ந்த கன்றும் முன்கூட்டியே இருப்பு வைக்க வேண்டும். அகற்றும் தொகையின் ஒரு பகுதியையாவது, கட்டை தோப்பை விட்டு வெளியேறியதை உறுதி செய்த பிறகு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தென்னை விவசாயிகள்,
பேராவூரணி வட்டாரம்.