மச்சானுக்கு, ராயபுரத்திலிருந்து

அன்புள்ள மச்சான், ஸ்தோத்திரம்.

உன் மெசேஜை ரெண்டு நாள் முன்னாடியே பார்த்துவிட்டேன், பதில் போடத்தான் கை வரவில்லை. போன் பண்ணியிருக்கலாம், ஆனால் போனில் நான் உளறுவேன், அது உனக்கே தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஓடுகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, வஞ்சிரம் விலை கேட்கவே பயமாக இருக்கிறது, நம் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான். நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்காவது என்றைக்குக் கடலுக்குப் போகலாம் என்று தெரியும், குழந்தைக்காகக் காத்திருக்கிற உனக்கும் தங்கச்சிக்கும் 9 வருஷமாக யாரும் தேதி சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

"ஜெபம் பண்றதையே விட்டுட்டேன் மச்சான், சுவரோட பேசுற மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தாய். தங்கச்சியிடம் யாரோ "விசுவாசம் பத்தல" என்றார்களாமே, படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அந்த ஆபிரகாம் கணக்கு, 75 வயதில் கடவுளின் அழைப்பு, 100 வயதில் மகன் ஈசாக்கு, 25 வருஷம் காத்திருந்தார் பாருங்கள் என்று. சரி, உண்மைதான். ஆனால் மாதாமாதம் பாத்ரூமில் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவளிடம் அதைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. அந்த 25 வருஷத்துக்கு நடுவில் பிள்ளைக்காக மனைவி சாராள் தன் வேலைக்காரி ஆகாரை அவருக்குக் கொடுத்த விவகாரமும், பிள்ளை வரும் என்று கேட்டு சாராள் சிரித்ததும் இருக்கிறதே, அதை மட்டும் யாரும் எடுப்பதில்லை. லூக்கா 18-ல் நியாயம் கேட்டு நீதிபதியிடம் விடாமல் போகிற விதவையையும் இப்படித்தான், நச்சரித்தால் கடவுள் தந்துவிடுவார் என்கிற மாதிரி பிரசங்கம் பண்ணுகிறார்கள். அந்த அநியாயக்கார நீதிபதியே இறங்கி வந்தான் என்றால் தேவன் கேட்கமாட்டாரா என்பதல்லவா இயேசு சொன்னது.

தம்பி இன்னும் குடிக்கிறான். அம்மாவுக்கு முட்டி வலி, முழங்கால் போட முடியாது, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறாள், மடியில் ஒரு ஜெப நோட்டு. போன வாரம் அவள் கண்ணாடியை அதற்குள்ளேயே வைத்து மூடிவிட்டாள், எடுக்கத் திறந்தவன் படித்துவிட்டேன். எதிர்வீட்டுப் பையனுக்கு வேலை, சிவப்பில் டிக். அத்தை ஆபரேஷன், டிக். தம்பி பெயருக்குக் கீழே வெறும் தேதியும் ஒரு வரியும்தான். "நேற்றும் குடித்துவிட்டு வந்தான்." அடுத்த நாள், "நேற்று வரவே இல்லை." பக்கம் பக்கமாக இதேதான், 14 வருஷமாக, எத்தனை நோட்டு போயிருக்குமோ. கெஞ்சல்கூட இல்லை மச்சான், மளிகைக் கணக்கு மாதிரி எழுதி வைத்திருக்கிறாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எலியா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் எனக்குப் பிடிபட்டான். மழைக்காக எலியா கர்மேல் மலையில் குனிந்து கிடக்கிறார், இவனைக் கடல் பக்கம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார், இவன் போய்ப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்கிறான். திரும்பப் போ என்கிறார். ஏழாவது தரம்தான் உள்ளங்கை அளவு மேகம். நாம் எல்லாரும் அந்த மேகத்தையே பேசுகிறோம், அவன் அத்தனை தரம் ஏறி இறங்கியும் இல்லாததை இருக்கிறது என்று சொல்லவில்லை பார், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. இல்லை என்று சொன்னதற்கு எலியாவும் அவனைத் திட்டவில்லை.

அதனால் எனக்கு எழுதியதையே கர்த்தரிடமும் சொல், அலங்காரமெல்லாம் வேண்டாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதம் ஆரம்பிக்கிறது, அது ஜெபம் என்றால் உன் சுவர்ப் பேச்சும் ஜெபம்தான். குழந்தை கிடைத்துவிடும் என்று நான் எழுதமாட்டேன், எனக்குத் தெரியாது. பவுல் மூன்று தரம் கேட்டும் அவரை வாட்டிய மாம்சத்தின் முள் போகவில்லை, கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே சில நாள் கோபம் வரும்.

ஜூன் கடைசியில் ரெண்டு பேரும் கிளம்பி வாருங்கள், படகு போக ஆரம்பித்திருக்கும், நல்ல மீன் கிடைக்கும். தங்கச்சியிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. அம்மா நோட்டில் உங்கள் ரெண்டு பேர் பெயரும் தம்பி பெயருக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது, அதற்கும் இன்னும் டிக் போடவில்லை.

உன் மச்சான்