பேஸ் கிட்டாருக்கும் ஒரு மெட்டு கொடுங்கள்: திரையிசையமைப்பாளர்களுக்கும் ஒலிக்கலவைப் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரையிசையின் மதிப்பிற்குரிய இசையமைப்பாளர்களுக்கும், அவர்களோடு பணியாற்றும், கணினியில் இசையைக் கோக்கும் ப்ரோகிராமர்களுக்கும், ஒலிக்கலவைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் தொழில்முறைக் கலைஞன் அல்லன். அலுவலக வேலை போக மிஞ்சும் நேரத்தில், பாட்டின் அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரை வாசிப்பவன். ஆள் குறையும்போது மெல்லிசைக் குழு நண்பர்கள் அழைத்தால் திருமண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் மேடையேறுபவன். பாடல்களை அடியிலிருந்து மேல்நோக்கிக் கேட்கும் பழக்கம் இதனால் எனக்கு வந்துவிட்டது. முதலில் பேஸ், பிறகு தாளம், கடைசியில்தான் குரல். அப்படிக் கேட்பவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன். அண்மைக் காலப் பாடல்களில் கீழ்ஸ்தாயி ஒலியின் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. அந்த ஒலி பாடலுக்குள் செய்யும் வேலையோ குறைந்துகொண்டே வருகிறது. திரையரங்கில் நாற்காலி அதிர்கிறது, ஆனால் வெளியே வந்து அந்தப் பாடலின் பேஸை முணுமுணுக்கப் பார்த்தால் நாவில் எதுவும் நிற்பதில்லை.

வெளிநாட்டுப் பாடல்களைக் காட்டி இந்தக் குறையைச் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. 1980-இல் வெளிவந்த ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’, 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யின் ‘இளைய நிலா பொழிகிறதே’ ஆகிய இரண்டையும் ஒரு நல்ல ஹெட்ஃபோனில், குரலைச் சற்று மறந்துவிட்டு, ஒருமுறை கேளுங்கள். பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்காமல், பாடகர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடங்களில் எல்லாம் தானே நடக்கத் தொடங்கி, அடுத்த வரி எங்கே வந்து இறங்கப்போகிறதோ அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தம் கையாலேயே நொட்டேஷனில் எழுதிக் கொடுப்பவர் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வயலின்களுக்கு ஒரு தாள் இருந்ததைப் போலவே பேஸுக்கும் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளில் பாட்டின் மெட்டுக்கு எதிரே இன்னொரு மெட்டு இருந்தது. அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனைப் போன்ற கலைஞர்கள் அந்த மெட்டுக்கு உயிர் கொடுத்தார்கள்.

நம் இசைக்கு பேஸ் ஏன் மற்ற இசைகளைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் திரைமெட்டுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு ராகத்தின் சாயலில் பிறப்பவை. ராகத்துக்கு இயல்பாக கார்டு, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, கிடையாது. தம்பூரா ஷட்ஜத்தையும் (ச) பஞ்சமத்தையும் (ப) விடாமல் மீட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் மெட்டு மட்டும் அசைகிறது. அந்த அடித்தளத்தையும் அசைக்கத் துணிந்தபோதுதான் திரையிசை தனக்கென ஒரு வழியைக் கண்டது. பாடகர் ஷட்ஜத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே பேஸும் ஷட்ஜத்தில் நின்றால் வீடு வந்து சேர்ந்த நிம்மதி கிடைக்கிறது. பேஸ் மட்டும் சுத்த மத்யமத்துக்கு (ம) இறங்கினால், பாடகர் இம்மியும் அசையாமலே, அவர் பிடித்திருக்கும் ஸ்வரம் அந்தப் புதிய அடித்தளத்துக்குப் பஞ்சமமாகிவிடுகிறது. சதுஸ்ருதி தைவதத்துக்கு (உயர்ந்த த) இறங்கினால் அதே ஸ்வரம் சாதாரண காந்தாரமாக (தாழ்ந்த க) ஒலித்து ஒரு துயரச் சாயல் படிகிறது. சுத்த தைவதத்துக்கு (தாழ்ந்த த) இறங்கினால் அந்தர காந்தாரமாகி (உயர்ந்த க) முகம் மலர்கிறது. மெட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஆனால் கேட்பவரின் மனநிலை மூன்று முறை மாறிவிட்டது. இத்தனையும் செய்வது நான்கு தந்திகள் கொண்ட ஒரு வாத்தியம். அதைப் பாடல் முழுவதும் ஒரே ஸ்வரத்தில் உறுமவைப்பது, மெட்டமைத்தவர் தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் நட்டம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980 முதல் 1983 வரை தயாரித்த டி.ஆர்-808 என்ற தாள இயந்திரத்தில், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மின் ஒலியை நீட்டிக்கொண்டே போகலாம். பின்னாளில் அந்த நீண்ட ஒலியைச் சுருதி சேர்த்து பேஸாகவே பயன்படுத்தும் வழக்கம் ஹிப்-ஹாப் வழியாக உலகெங்கும் பரவியது. அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. பேச்சுக்கு அருகில் நிற்கும் வரிகளின் கீழே ஹார்மனி (ஸ்வரக் கூட்டுகளின் ஓட்டம்) மாறவேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அதே ஒலியை ஒரு ராகமெட்டின் அடியில் அப்படியே கொண்டுவந்து வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கிக் டிரம்மே பேஸின் இடத்தையும் பிடித்துக்கொள்வதால், பிறகு சேர்க்கப்படும் பேஸ் கிட்டாருக்கு ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் ஒருமுறை மூலஸ்வரத்தைத் தட்டிவிட்டு அது ஓய்ந்துவிடுகிறது.

இயந்திரத்தின் மீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் 1972-ஆம் ஆண்டுப் பாடலான ‘சூப்பர்ஸ்டிஷன்’-இல் கேட்கும் பேஸ், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் மூக் சிந்தசைசரில் அவரே வாசித்தது. அதில் இருக்கும் துள்ளலை எத்தனை பேஸ் கிட்டார் கலைஞர்களால் கொண்டுவர முடியும் என்று தெரியவில்லை. பேஸே இல்லாமலும் பாடல் செய்யலாம். 1984-இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தம் ‘வென் டவ்ஸ் க்ரை’ பாடலிலிருந்து பேஸை முழுவதுமாக எடுத்துவிட்டார், அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. முதலாவதில் சிந்தசைசரை ஒரு கை யோசித்து வாசித்தது. இரண்டாவதில் வேண்டாம் என்ற முடிவை ஒருவர் யோசித்து எடுத்தார். பேஸ் இருந்தும் அதைப் பற்றி யாருமே யோசிக்காத பாடல்களைப் பற்றித்தான் நான் முறையிடுகிறேன்.

ஒலிக்கலவைப் பொறியாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. நான்கு தந்தி பேஸில் மிகத் தாழ்ந்த தந்தியின் திறந்த ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸில் அது 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. நம் மக்களில் பெரும்பாலோர் பாட்டுக் கேட்கும் கைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் இந்த அதிர்வெண்கள் எழும்புவதே இல்லை. ஆனால் மனிதச் செவிக்கு ஒரு விந்தையான ஆற்றல் இருக்கிறது. 41 என்ற அடிப்படை அதிர்வு கேட்காவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 164, 205 முதலியவற்றில் போதிய அளவு காதை எட்டினால், இல்லாத அடிப்படையை மூளை தானே கணித்துக்கொள்கிறது. விரல் தந்தியை இழுத்துவிடும் சத்தமும் தந்தியின் உலோக உராய்வும் வாழும் இடைநிலை அதிர்வெண்களை நீங்கள் வெட்டாமல் விட்டுவைத்தால், பேருந்தில் கைபேசியில் கேட்பவருக்கும் பேஸ் எங்கே நடக்கிறது என்பது விளங்கும். குரலுக்கு இடம் விடவேண்டும் என்று அந்தப் பகுதியைச் சீவிவிட்டு, அடியில் மட்டும் கனத்தை ஏற்றிக்கொண்டே போவதால், திரையரங்கில் இரைச்சலாகவும் கைபேசியில் மௌனமாகவும் இருக்கும் ஒரு பேஸ்தான் மிஞ்சுகிறது.

வாத்தியங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும், ஏனெனில் உங்கள் தேர்வுகள் எங்களைப் போன்ற பொழுதுபோக்கு வாசிப்பாளர்களின் பணப்பை வரை வந்து எட்டுகின்றன. சிந்தசைசருக்குக் கீழ் எல்லை என்று ஒன்று இல்லாததால், பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளுக்கும் கீழே இறங்கும் ஸ்வரங்களை நீங்கள் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறீர்கள். மேடையில் பாடகர் தம் குரலுக்கு ஏற்ப அரைச் சுருதியோ ஒரு சுருதியோ குறைக்கச் சொன்னால் எங்கள் நிலை இன்னும் மோசமாகிறது. மேடையில் திரைப்பாடல் வாசிக்க வருபவர்கள் ஐந்து தந்தி பேஸைத் தேடிப் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். விலை குறைந்த ஐந்து தந்தி பேஸ்கள் பலவற்றில் அந்த ஐந்தாவது தந்தி தொய்ந்து, சுருதி தெளிவில்லாமல் கொழகொழவென்று ஒலிக்கும். தொடங்குபவர்கள் அந்தப் பணத்தில் நல்லதொரு நான்கு தந்தி பேஸை வாங்குவதே மேல் என்பது என் கருத்து. நண்பர்கள் இதற்காக என்னைப் பழமைவாதி என்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

அமெரிக்க வாத்தியத் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 1957-இல் தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் அதன் பிக்கப் இரண்டாகப் பிளக்கப்பட்டதற்குப் பின்பு அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. ஒரே பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். இதைவிட வசதிகள் கூடிய பேஸ்கள் ஏராளமாக வந்துவிட்டன, அவற்றில் சிலவற்றை நானும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஆயினும் நெரிசலான ஓர் ஒலிக்கலவைக்குள் சண்டையில்லாமல் தன் இடத்தில் போய் உட்காருவதில் இதை மிஞ்சியதாக ஒன்றை நான் கண்டதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் இதே வகை பேஸ்தான். தந்திகளைத் தேவையின்றி மாற்றாமல், வழவழப்பான ஃபிளாட்வுண்டு தந்திகளில், வலக்கையின் ஒரே விரலால் அவர் வாசித்த வரிகள் அறுபதுகளின் பாப் இசை நடக்கும் விதத்தையே மாற்றின. கைகள் சிறியவையாக இருப்பவர்களுக்கு அதிரும் தந்தியின் நீளம் 30 அங்குலமே உள்ள குறுங்கழுத்து பேஸ்கள் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் பேஸ் அந்த வகையைச் சேர்ந்தது. பெண்களும் சிறுவர்களும் பேஸ் பக்கம் வராததற்கு வாத்தியத்தின் பருமனைக் காரணம் காட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஜேமர்சனைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான செய்தியையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. உலகம் முழுவதும் ஒலித்த அத்தனை இசைத்தட்டுகளில் வாசித்தும், மோட்டவுனின் உறைகளில் அவருடைய பெயர் ஆண்டுக்கணக்கில் இடம்பெறவில்லை. 1971-இல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் அது அச்சேறியது. நம்மிடமும் நிலைமை நெடுங்காலம் வேறு மாதிரி இருக்கவில்லை. கேசட் காலத்துத் திரையிசை ரசிகர்களுக்குப் பாடகர் தெரியும், கவிஞர் தெரியும், இசையமைப்பாளர் தெரியும். அதற்குக் கீழே இருந்தவர்கள் ‘இசைக்குழு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்தார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் தம் தொகுப்புகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டதால்தான் பேஸ் கலைஞர் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரை என் போன்றவர்கள் அறிந்தோம். அறிந்த பின்பு அவர் வேறு எங்கெல்லாம் வாசித்திருக்கிறார் என்று தேடிக் கேட்டோம். இன்று சிலர் யூடியூப் காணொளியின் விவரப் பகுதியில் முழுக் குழுவின் பெயரையும் இடுகிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஆனால் பாட்டுக் கேட்கும் செயலிகளில் அதே பாடலைத் திறந்தால் பெரும்பாலும் பழைய மூன்று பெயர்கள்தான் நிற்கின்றன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை அதிகமில்லை. அடுத்த பாடலின் மெட்டு முடிவானதும், தாளம் போடுவதற்கு முன்பே, அந்த மெட்டின் கீழே பேஸ் எந்த வழியில் நடக்கலாம் என்று ஒரு பத்து நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிறகு அதை விரலால் வாசிப்பதா சிந்தசைசரில் வாசிப்பதா என்று உங்கள் விருப்பம்போல் முடிவு செய்துகொள்ளுங்கள். கலவையில் அதன் நடை சிறிய ஒலிபெருக்கியிலும் தெரிகிறதா என்று ஒருமுறை கைபேசியில் போட்டுச் சரிபாருங்கள். வாசித்தவர் பெயரைச் செயலிகளுக்கு அனுப்பும் தகவல்களிலும் சேர்த்துவிடுங்கள். பாடுபவர்களுக்காகக் குரலை நீக்கி மைனஸ் ஒன் வெளியிடும் நீங்கள், பேஸை மட்டும் நீக்கிய பதிப்பு ஒன்றையும் சில பாடல்களுக்காவது வெளியிட்டால், வீட்டில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து வாசிக்கக் காத்திருப்பவர்கள் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பாடல்களை அடியிலிருந்து கேட்கும்
ஒரு பேஸ் கிட்டார் வாசிப்பாளன்