அந்த ‘அனைத்துமே’

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ்த் தலையங்கத்தில், “அணு ஆயுத நாடுகள் அனைத்துமே அதை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கூறியவைதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘அனைத்துமே’ அச்சுக்குப் போகும்வரை ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லையா?

சீனா 1964-இல் முதல் குண்டை வெடித்த அன்றே நிபந்தனையின்றிச் சொன்னது. சோவியத் ஒன்றியம் 1982-இல் கொடுத்த வாக்கை 1993-இல் ரஷ்யா கைவிட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் பாகிஸ்தானும் அப்படி வாக்குக் கொடுக்கவே இல்லை. இஸ்ரேல் குண்டு இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை, பிறகல்லவா வாக்கு! தாங்கள் அறியாததா இதெல்லாம்?

முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற இந்தியாவின் 2003 ஜனவரி அறிவிப்பிலும் ஒரு விலக்கு உண்டு. உயிரியல், இரசாயன ஆயுதங்களால் பெருந்தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி தரலாம். இதை ஒரு மாணவன் தேர்வில் எழுதியிருந்தான். விடைத்தாள் திருத்தும் முகாமில் அந்த வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டு என் மேசைக்கு வந்தது. விடைக்குறிப்பில் ‘எந்நிலையிலும் முதலில் பயன்படுத்தாது’ என்றிருந்ததாம். அரைமணி நேரம் வாதாடினேன். “பத்திரிகையிலேயே அப்படித்தானே சார் போடுறாங்க” என்றார் பக்கத்து மேசைக்காரர். அந்த ஒரு மதிப்பெண் கடைசிவரை கிடைக்கவில்லை. 28 ஆண்டு அரசியல் அறிவியல் கற்பித்தவனுக்கு இன்றும் அது ஆறவில்லை.

2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர், இந்தியா அணுகுண்டு சோதித்த பொக்ரானில் நின்று, முதலில் பயன்படுத்துவதில்லை என்பதுதான் இதுவரை கொள்கை, இனி நடப்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். தாங்கள் அதைச் சினிமாத் துணுக்குக்குக் கீழே நான்கு வரியில் முடித்துக்கொண்டீர்கள். ‘முதல் பயன்பாடு’ வேறு, ‘முதல் தாக்குதல்’ வேறு என்று போன ஆண்டு இரண்டு பக்கம் எழுதினேன். தோற்கும் தறுவாயில், முன்னேறிவரும் டாங்கிப் படைமேல் சிறு அணுகுண்டு போடுவதும் முதல் பயன்பாடுதான்; எதிரியின் அணு ஆயுதங்களையே முந்திக்கொண்டு அழிக்கப் பார்ப்பது முதல் தாக்குதல். தாங்கள் வெளியிட்டதோ, இதழின் அட்டைப்படத்தை நான் பாராட்டியிருந்த ஒரே ஒரு வரி! நன்றி.

இதையும் வெட்டுவீர்கள். வெட்டுங்கள். ‘அனைத்துமே’ தவறு என்று ஒரு திருத்தம் மட்டும், அதே தலையங்கப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், நெடுநாள் சந்தாதாரர்