சிகாகோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். நான் நல்ல சுகம். அம்மா, ஆச்சி, தம்பி எல்லாரும் சுகமா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

போனில் பேசினால் சாப்பாடு, குளிர், சம்பளம் என்று அதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாலிபப் பிள்ளைகள் ஆலயத்தில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துப் பாட அனுமதி கேட்பதாகவும், சபைக் காரியங்களைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னீர்கள். "சினிமாக்காரன் மெட்டில் ஆண்டவரைப் பாடுவதா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் நான் கண்டதையும் கேட்டதையும் வைத்தே பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

நான் வேலை பார்க்கும் மருத்துவமனை சிகாகோவின் தெற்குப் பக்கம் இருக்கிறது. சவுத் சைட் என்பார்கள். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1910களில் தொடங்கி 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தென் மாநிலங்களின் பருத்திக் காட்டையும் அங்கிருந்த கொடுமையையும் விட்டு வடக்கே ரயிலேறினார்கள். அதில் பெருங்கூட்டம் இறங்கியது சிகாகோவில். பிழைக்க பம்பாய்க்குப் போன நம் ஆட்கள் குடியேறிய இடத்தில் சபை கூடிப் பாடினார்களே, அது போலத்தான் இவர்களும். வாடகைக் கடைக்குள் நாலு பெஞ்சு போட்டு ஆராதனையை ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கடைச் சபைகளை இன்றும் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன்.

வார்டில் எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். காலில் ஆறாத புண். கட்டை அவிழ்த்து மருந்து வைக்கும்போது உயிர் போகும் வலி. அவர் கத்தமாட்டார், முனகுவார். கவனித்துக் கேட்டால் அந்த முனகலில் ஒரு மெட்டு இருக்கும். ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்னொரு குரல் அடுத்த அடியை எடுத்தது. தரை துடைக்க வந்த அம்மா மாப்பை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டார். மூன்று பேருக்கும் முன்பின் பழக்கமில்லை. பாட்டு மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் கட்டுப் போட்டு முடிக்கும்வரை யாரும் நிறுத்தவில்லை.

அந்தப் பாட்டை எழுதியவர் தாமஸ் டோர்ஸி. அவர் கதையை நீங்கள் கேட்க வேண்டும் அப்பா. 1899இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். அப்பா பிரசங்கியார், அம்மா ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மகனோ 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் புளூஸ் வாசித்துப் பேர் வாங்கினார். புளூஸ் என்றால் மதுக்கடையிலும் இரவு விடுதியிலும் பாடும் பாட்டு, ஆலயத்தார் காதைப் பொத்திக்கொள்ளும் பாட்டு. 1932 ஆகஸ்டில், செயின்ட் லூயிஸில் ஒரு கூட்டத்துக்கு வாசிக்கப் போன இடத்தில் அவருக்குத் தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டாள். பிறந்த ஆண் பிள்ளையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதியதுதான், ஆண்டவரே என் கையைப் பிடித்து நடத்தும் என்று கேட்கும் அந்தப் பாட்டு. மெட்டு ஒரு பழைய பாமாலையிலிருந்து எடுத்தது, அதற்குள் வைத்த தவிப்பு புளூஸிலிருந்து வந்தது.

இப்படிப்பட்ட பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் ஆலயம் ஆலயமாக அலைந்தபோது பல இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். குடிகாரன் மெட்டு கர்த்தருடைய வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள். நம் கமிட்டியில் பேசுகிற பேச்சேதான். கடைசியில் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபை அவருக்கு இடம் கொடுத்தது. பல பத்தாண்டுகள் அங்கே பாடகர் குழுவை நடத்தினார். கோஸ்பல் என்கிற இந்தக் கறுப்பின ஆலய இசையின் தகப்பன் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அந்த ஆலயத்தைப் பார்க்கப் போனேன். கிரீன் லைன் ரயிலில் 35ஆம் தெரு நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். 1890களின் தொடக்கத்தில் யூதர்கள் தங்கள் ஜெப ஆலயமாகக் கட்டியது, பிறகு பாப்டிஸ்டுகள் கைக்கு வந்திருக்கிறது. 2006 ஜனவரியில் பழுது பார்க்கும்போது தீப்பிடித்து உள்ளே எல்லாம் எரிந்துபோனது. நான் பார்த்தது முட்டுக்கொடுத்து நிறுத்திய கல் சுவர்களைத்தான். மனது கனத்துவிட்டது.

சரி, ஆராதனையைச் சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா அவர்கள் சபைக்குக் கூட்டிப்போகிறார். வாசலில் வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையுமாகப் பெண்கள் நின்று உட்கார இடம் காட்டுகிறார்கள். கையில் ஒரு அட்டை விசிறி கொடுப்பார்கள். ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங் படம், மறுபக்கம் அடக்கக் காரியங்கள் நடத்தும் கடையின் விளம்பரம்! பிரசங்கம் சூடு பிடிக்கும்போது ஆர்கன் வாசிப்பவரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நோட்டு எதுவும் கிடையாது. போதகர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு ஸ்வரக்கூட்டு விழும். அடுத்த மூச்சில் அதற்கு மேலே ஒன்று. பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று சொல்லவே முடியாது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் விரலை விட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டீர்கள்.

இந்தப் பாட்டு ஆலயத்துக்குள்ளேயே நிற்பதில்லை அப்பா. சிகாகோவில் பாட்டியின் சபையில் பாடி வளர்ந்த கர்டிஸ் மேஃபீல்ட், 1965இல் ரயிலேற ஆயத்தமாகுங்கள், டிக்கெட் வேண்டாம், விசுவாசம் போதும் என்று ஒரு பாட்டுப் போட்டார். அது ரேடியோவில் ஓடியது, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்ட ஊர்வலங்களிலும் பாடினார்கள். ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் என்று அப்பாவும் பிள்ளைகளுமாகப் பாடிய குடும்பம். ஆலயங்களில் பாடி வந்தவர்களின் பாட்டு 1972இல் நாட்டின் முதல் இடத்துக்கே போனது. இந்தக் காலத்துப் பிள்ளை சான்ஸ் த ராப்பர் 2016இல் வெளியிட்ட ஆல்பத்தில் ராப்புக்கு நடுவே கோஸ்பல் பாடகர் குழு பாடுகிறது, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. அதில் ஆலயத்தில் சொல்லக் கூடாத வார்த்தைகளும் உண்டு, மறைக்கவில்லை. அதை உள்ளே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கமே வராத பையன் அந்தப் பாட்டின் வழியாக ஆண்டவர் பெயரைச் சொல்கிறான். அதை லேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பக்கத்துக்கும் இங்கே ஆள் உண்டு. கோஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன். டோர்ஸியோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். எவ்வளவு பணம் தருகிறேன் என்றாலும் இரவு விடுதியில் பாடவோ புளூஸ் பாடவோ சம்மதிக்கவில்லை. 1963இல் வாஷிங்டனில் கிங் பேசுவதற்கு முன் பாடியவர் அவர்தான். 1968இல் கிங், தாம் சுடப்படுவதற்குச் சற்று முன்பு, அன்றிரவு கூட்டத்தில் டோர்ஸியின் அந்தப் பாட்டை வாசிக்கும்படி இசைக்காரரிடம் கேட்டிருந்தார். அடக்க ஆராதனையில் மஹாலியா அதையே பாடினார். அவருடைய வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் பாடிய பாட்டு, ஒரு புளூஸ்காரரின் விரலிலிருந்து வந்தது என்பதையும் நினைக்கிறேன்.

நம் சாஸ்திரியாரை நினைத்துப் பாருங்கள். 1774இல் நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினாரே, குறத்தி குறி சொல்லும் அந்தக் குறவஞ்சி நாடகம் யாருடைய சொத்து? குற்றாலநாதர் பேரில் பாடி ஆடியது, ஊர் சனம் கூடி ரசித்தது. அந்தக் குறத்தியைத்தான் அவர் பெத்லகேமுக்குக் கூட்டிப்போனார். நீங்கள் எனக்கு ஆர்மோனியத்தில் சொல்லித்தந்த கீர்த்தனைகளின் ராகமும் தாளமும் கச்சேரி மேடையிலும் அரண்மனையிலும் இருந்தவைதானே. இன்று நமக்கு அவை இல்லாமல் ஆராதனையே இல்லை.

அதனால் கேட்கிறேன், மாதத்தில் ஒரு ஞாயிறாவது பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நீங்களே கூட இருந்து சுருதி பாருங்கள், வார்த்தையைத் திருத்துங்கள். நீங்கள் சொன்னால் நம் போதகர் ஐயரும் கேட்பார். வெளியே அனுப்பிவிட்டால் அவர்கள் வேறு எங்காவது போய்ப் பாடுவார்கள், நம் பெஞ்சுகள்தான் காலியாகும்.

அப்புறம் ஒரு வேலை. இந்த அக்காவின் சபையில் பாடகர் குழு நாள் வருகிறது. என்னை ஒரு தமிழ்ப் பாட்டு பாடச் சொல்லியிருக்கிறார்கள். சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று பாடலாம் என்று இருக்கிறேன். எது நல்லது என்று நீங்களே பார்த்து, ஸ்வரத்தோடு உங்கள் கையால் எழுதி, தம்பியை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கட்டை சுருதியில் பாட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஆர்கன்காரர் அதைத்தான் முதலில் கேட்டார். ஆதி தாளம் என்றால் அவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

ஆச்சிக்குக் கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மாவிடம் கருப்பட்டி போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐயருக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம்.

உங்கள் அன்பு மகள்