வேன் வரும் நேரம்

நீடாமங்கலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். மேட்டூர் திறந்து பத்து நாள் ஆகிறது. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் நேற்றுத்தான் எட்டிப் பார்த்தது. நாற்று விட்டாயிற்று.

பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதைப் பெற்றவர்களே முடிவு பண்ணட்டும், நடுவில் அரசாங்கம் எதற்கு என்று கேட்டிருந்தாய். இங்கே வீட்டிலும் அதே வழக்குதான். மருமகள் பேரனை மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்துவிட்டாள். "ஊர்ப் பள்ளி இருக்கேம்மா" என்றேன். "மாமா, இவங்க அப்பாவை நீங்க எங்க படிக்க வெச்சீங்க?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒன்றியப் பள்ளியில் வாத்தியார். என் பையனை மட்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டவன்.

அதனால் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். டையையும் ஷூவையும் பார்த்து ஏமாறுகிறார்கள் என்று வாத்தியார்கள் பேசிக்கொள்வோம். ஆனால் நடவுக்குப் போகிற ஒரு அம்மா என்னிடம் சொன்னது வேறு: "அங்க வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்காங்க சார்." சரியான கணக்கு. அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பதுதான் விதி. நான் ஓய்வு பெறும்போது பத்தொன்பது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நாங்கள் இரண்டு பேர். ஒரு பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். மறுபக்கம் ஒன்றாம் வகுப்பு 'அ' சுழிக்கும். இரண்டும் பாதிப் பாடம்தான்.

யார் முதலில் போனார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மிராசு வீட்டுப் பிள்ளைகள், பிறகு கடைக்காரர் வீடு, நடுவில் என் வீடு. பள்ளிக் குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று அதிகாரியிடம் கேட்கக்கூடியவர்கள் எல்லாரும் வேன் ஏறிவிட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மிஞ்சியவர்களுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வர முடிகிறதா?

வேன் ஏறியவர்கள் பாடும் சுகமில்லை. டெர்ம் ஃபீஸும் குறுவைச் செலவும் ஒரே ஜூன் மாதத்தில் வந்து நிற்கும். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வரிசையில் பாதிப் பேர் விதைக்கும் உரத்துக்கும், பாதிப் பேர் பள்ளிக்கு. தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் உண்டே என்பாய். அதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்கு வயலும் வடிகாலும்தான். குலுக்கலில் பெயர் விழுவது அப்புறம்.

அரசாங்கம் எதற்கு என்றாயே, கும்பகோணத்தை மறந்துவிட்டாயா? 2004 ஜூலை 16. தனியார் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். பள்ளி வாசலில் நிற்கிற அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரிகிறதா இல்லையா என்பது தெரியும். மாடிப்படி எத்தனை அகலம், வெளியேற எத்தனை வழி என்பது தெரியுமா? அதைப் பார்க்க ஒருத்தர் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால்தான் எங்கள் பக்கமும் அசைகிறது. 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவு வந்த பிறகு, இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலையில் அந்தப் பக்கம் நடந்தால் சாம்பார் வாசனை.

பேரனுக்கு வேன் ஏழேகாலுக்கு. ஷூ மாட்டிவிடும்போதே திண்ணைத் தூணில் சாய்ந்து தூங்கிவிடுகிறான், தூக்கித்தான் ஏற்றுகிறேன்.

ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர், சாயங்காலம் வந்து வாய்ப்பாடு சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். திங்கள் முதல் போகிறேன். பேரனையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் பழைய பெஞ்சுக்காரன்