பிளேட்லட் ஏறியது சரி, நோயாளிக்கு என்ன ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழையோடு டெங்கு வரும். டெங்கு வந்ததும் "பப்பாசி இலைச்சாறு பிளேட்லட்டைக் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை) கூட்டும், ஆய்வில் நிரூபணம்" என்ற செய்தியும் வந்துவிடும். 2017இல் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு பதிவானது; நம் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த அனுபவமுள்ள மாவட்டத்தில் இப்படியான தலைப்பைப் போடும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஆய்வில் எதை எண்ணினார்கள்?

இந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. 2013இல் வெளியான மலேசிய ஆய்வு அது. 228 நோயாளிகளை எழுமாறாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மூன்று நாள் சாறு கொடுத்தார்கள். குடித்தவர்களுக்கு எண்ணிக்கை விரைவாக ஏறியது. ஆனால் மற்றப் பிரிவுக்குப் போலிச் சாறு கொடுக்கப்படவில்லை. குடித்தவர் யார் என்பது நோயாளிக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய குறை, எண்ணப்பட்டது பிளேட்லட் என்பதுதான். டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளேட்லட் குறைவு அல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து, இரத்தம் தடித்து, அழுத்தம் விழுவதே ஆபத்து. காய்ச்சல் இறங்கும் வேளையில், பிளேட்லட் (ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில்) 100,000க்குக் கீழே போகும்போது இந்தக் கசிவு தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அது நின்றபின் பிளேட்லட் பெரும்பாலும் தானாகவே ஏறும். ஐந்தாம் நாள் இளநீர் குடித்தாலும் ஏழாம் நாள் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், புகழ் இளநீருக்குப் போய்விடும்! ஒப்பிட ஒரு பிரிவு இல்லாத எந்த "பலன் கிடைத்தது" கதையையும் நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

சாறு இருக்கட்டும், கொடையாளரிடம் பெற்ற பிளேட்லட்டையே நேரடியாக நோயாளிக்கு ஏற்றினால் என்ன? அதையும் பார்த்துவிட்டார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000 அல்லது அதற்கும் கீழ் போன வளர்ந்தோர் சேர்க்கப்பட்டனர். ஏற்றியவர்களில் 21 வீதத்தினருக்கும் ஏற்றாதவர்களில் 26 வீதத்தினருக்கும் இரத்தக்கசிவு ஏற்பட்டது. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் இது. பக்கவிளைவுகளோ ஏற்றிய பிரிவில் 13, மற்றதில் 2. எண்ணிக்கை 18,000 என்று கேட்டதும் கொடையாளர் தேடி ஓடும் உறவினர்கள் இதை அறிய வேண்டும். கடுமையாக இரத்தம் போகும் நோயாளியின் நிலை வேறு, அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

ஆய்வு என்றாலே "பலனில்லை" என்றுதான் முடியும் என்பதில்லை. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வரும் ஒவ்வாமையைத் தடுக்க புரோமெத்தசீன், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசிகளை முன்கூட்டியே போடும் வழக்கம் இருந்தது. நம் நாட்டு வைத்தியசாலைகளில் 1007 பேரிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வு, அவ்விரண்டாலும் பயனில்லை என்றும், தோலுக்கடியில் போடும் 0.25 மில்லிலீற்றர் அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை முதல் மணித்தியாலத்தில் 43 வீதம் குறைக்கிறது என்றும் காட்டியது. இங்கே எண்ணப்பட்டது ஆய்வுகூட இலக்கம் அல்ல, நோயாளிக்கு நேர்ந்தது. மூதூர், கந்தளாய் வயல்காரருக்கு இதைவிட வேண்டிய செய்தி எது? இதுவல்லவா முதற்பக்கத்துக்கு உரியது!

ஆகவே மருத்துவ ஆய்வுச் செய்தி போடும்போது, எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள், எதை எண்ணினார்கள், பணம் யாருடையது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இலங்கையில் நடந்த ஆய்வாயின் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இலக்கத்தையும் கேளுங்கள். 2006 முதல் இயங்கும் அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். எதை அளக்கப்போகிறோம் என்பதை முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அங்கே எழுதிவைப்பதால், முடிந்தபின் சாதகமான எண்ணை மட்டும் பொறுக்கிக் காட்டினால் பிடிபடும்.

பப்பாசி இலைச் செய்தியை அடுத்த முறை போடும்போது பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் வரட்டும்: காய்ச்சலுக்கு உரிய அளவில் பரசிட்டமோல் மட்டும், இபுபுரொபன், டைக்குளோபெனக் வேண்டாம், மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை, காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல் கண்டால் உடனே வைத்தியசாலை.

மருத்துவத்துறை சார்ந்த வாசகர்கள்,
திருகோணமலை.