காவல் சாவடியில் ஊசியும் நூலும்: குடியிருப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் குடியிருப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கூட்டுரிமைக் குடியிருப்பின் (காண்டோமினியத்தின்) வாயிலில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை பணிபுரியும் பாதுகாவல் அதிகாரி நான். சென்ற மாதம் நான் சாவடியில் ஊசியும் நூலுமாகச் சால்வை பின்னிக்கொண்டிருந்ததை யாரோ காருக்குள் இருந்தபடியே படமெடுத்து உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், "இதற்குத்தான் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோமா?" என்று ஒருவர் கேட்டதும், மறுநாளே "பணி நேரத்தில் கைவேலை கூடாது" என்ற அறிவிப்பு சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். மேலாளர் கேட்ட விளக்கத்தை ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அரைப் பக்கத்தில் அடங்காததை என் மொழியில் எழுதுகிறேன். உங்களில் தமிழ் படிப்பவர்கள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

என் பக்கத்துக் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நான் கண்ணிகளை, அதாவது பின்னலின் நூல் வளையங்களை, எண்ணிக்கொண்டிருந்ததால் உங்கள் விருந்தினர் ஒருவர் வாயிலில் காத்து நிற்க நேர்ந்தது. அது என் தவறுதான். அதற்குப் பிறகு எண்ணிப் பின்ன வேண்டிய வேலைப்பாடு எதையும் நான் சாவடிக்குக் கொண்டு வருவதில்லை. உணவு கொண்டு வருபவர்களும் வாடகைக் கார்களும் வரிசை கட்டும் முன்னிரவில் ஊசியைத் தொடுவதுமில்லை.

நான் ஊசியை எடுப்பது பின்னிரவு 2 மணிக்கு மேல். இரவுப் பணி பார்த்தவர்களுக்கு அந்த நேரம் எப்படிப்பட்டது என்று தெரியும்: 5 மணி வரை ஒரு வண்டியும் வராது, கண்காணிப்புத் திரையில் இலைகூட அசையாது, உடம்பு தூக்கத்தைக் கேட்டுக் கெஞ்சும். கோப்பி குடித்துப் பார்த்தேன், எழுந்து நடந்தும் பார்த்தேன். கை வேலை செய்துகொண்டிருந்தால்தான் எனக்குக் கண் மூடுவதில்லை. நேர்ப் பின்னலுக்குப் பார்வை தேவையில்லை என்பது பின்னாதவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அடுத்த கண்ணி எங்கே இருக்கிறது என்று விரல்நுனிக்கே தெரிந்துவிடும். கண் வாயிலிலும் திரையிலும் இருக்கலாம். நான் வைத்திருப்பது இரு முனைகளையும் ஒரு மெல்லிய வடம் இணைக்கும் வட்ட ஊசி. வண்டி வந்தால் மடியில் போட்டுவிட்டுத் தடுப்புக் கம்பத்தை உயர்த்தலாம், ஒரு கண்ணியும் நழுவாது. கைப்பேசி அப்படியல்ல. அதன் வெளிச்சத்திலிருந்து நிமிர்பவருக்கு வெளியிருட்டு பழகவே சிறிது நேரம் பிடிக்கும். ஆனால் என்னோடு பணிபுரிபவர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்ப்பதை இதுவரை யாரும் படமெடுக்கவில்லை. (அவரைக் காட்டிக்கொடுப்பதாக எண்ண வேண்டாம், இந்த மடலை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.)

பார்த்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள் என்று சொன்னால் அது பொய். விடியற்காலை நடைக்குப் போகும் சீன மூதாட்டி ஒருவர் நான் நூலை வலக்கையில் பிடிப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஊசியை வாங்கி, நூலை இடக்கை விரலில் சுற்றிப் பின்னிக் காட்டினார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அவர் சொன்னபடி செய்தால் வேகம் கூடுகிறது என்பதை ஒரு வாரம் கழித்து ஒப்புக்கொண்டேன். "இந்த வெயிலில் ஸ்வெட்டர் யாருக்கு, ஆன்ட்டி?" என்று கேட்பவர்களுக்கு, சிங்கப்பூரில் வெயில் வெளியே, குளிர் அலுவலகத்திலும் பேருந்திலும் என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன். பீப்பிள்ஸ் பார்க் சென்டர் கடைத்தொகுதியில் நான் வாங்குவது பெரும்பாலும் பருத்தி நூல்தான்.

என்னைச் சங்கடப்படுத்தியது இன்னொரு வகையான அன்பு. நான் பின்னும் தொப்பிகள் புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு என்று யாரோ சொல்லிவிட, குழுவில் என்னைத் திட்டிய ஒருவரே வாயிலில் காரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். உண்மையில் அன்று படத்தில் இருந்தது என் மகளுக்கான சால்வை. தொப்பிகளையும் பின்னுகிறேன், ஆனால் அவற்றைக் கேடயமாகப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. வேலையில் கவனம் சிதறுகிறது என்றால் தொப்பி பின்னினாலும் சிதறும். சிதறவில்லை என்றால் சால்வையில் என்ன குற்றம்?

"இதெல்லாம் வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது இங்குள்ள சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், துணிச் சதுரங்களில் பெயரும் படமும் தைத்து, அவற்றை ஒன்றாக இணைத்த போர்வைகளின் வழியாக, தாங்கள் உயிரோடு இருக்கும் செய்தியைப் பிரிந்திருந்த ஆண்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு அன்று வீடே கிடையாது. அவர்கள் பட்ட துன்பத்தோடு என் சால்வையை நான் ஒப்பிடவில்லை. ஊசிவேலை வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்ற விதியை இந்தத் தீவு எப்போது எழுதியது என்று மட்டுமே கேட்கிறேன்.

நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும்வரை ஊசியும் நூலும் என் பையிலேயே இருக்கும். பின்னிரவு 2 முதல் 5 வரை, வாயிலில் வண்டி இல்லாதபோது, எண்ணத் தேவையில்லாத பின்னலுக்கு மட்டும் அனுமதி தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். முடிவு எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். தடையே தொடரும் என்றால், அந்த அறிவிப்பில் உள்ள "கைவேலை" என்ற சொல்லில் கைப்பேசியும் அடங்குமா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணிப் பாதுகாவல் அதிகாரி